காவிரி வழக்கும் குடிகளின் விண்ணப்பமும்

குடிகள் தம் குறையை அரசினர்க்கு அறிவித்தல் சோழநாட்டிற்குப் புதுவழக்கன்று. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலிற் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கன்றிழந்த பசு அசைத்த வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அவ்வரலாற்றை வகுப்பிற் சொல்லுந்தோறும் அரசன் நீதியினும் பசுவின் அறிவே எமக்குப் பெருவியப்பாகின்றது. மணி எங்கே கட்டியிருக்கின்றது என்பதனை அஃது அறிந்திருந்தது. இக்காலத்திலோ மணிகள் பல. அவை வெவ்வேறு வாயில்களில் உள்ளன. எக்குறைக்கு எம்மணியை அசைத்தல் வேண்டும் என்று தெரியாமல், கைக்கெட்டிய கயிற்றை இழுத்துக் களைத்து மீள்வோர் மிகப் பலர்.

நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களை நோக்குமின். ‘வாய்க்கால் தூர்வார அரசினரை இச்சபை கேட்டுக்கொள்கின்றது’, ‘நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை தர அரசினரை இச்சபை வேண்டுகின்றது’ என்று எழுதுகின்றோம், கைதட்டுகின்றோம், நடவடிக்கைப் புத்தகத்தை மூடுகின்றோம். எவ்வரசினர்? மாநில அரசினரா, மைய அரசினரா? எச்சட்டத்தின் எப்பிரிவின்படி? இவற்றுள் ஒன்றும் அத்தீர்மானங்களில் இராது. இதனைக் கண்டு சலித்த அன்பர் சிலர், ‘சாதிச் சங்கத்திற்குக் கல்வி நிதியும் கலியாண மண்டபமும் போதும், அரசின் கொள்கையில் நாம் தலையிடுவது வீண்வேலை’ என்று கூறுகின்றனர். அவர் சலிப்பு நியாயமே. முடிவு நியாயமன்று என்பது எம் கருத்து. நம்மவர் பெரும்பாலார் காவிரிப் படுகையில் நிலத்தையே நம்பி வாழ்வோர். தண்ணீர் பற்றிய கொள்கை தவறினால், கல்வி நிதிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

பழைய செய்தி ஒன்றை முதற்கண் கூறுவோம். விசயநகர வேந்தர் ஆட்சியில், 1429-ஆம் ஆண்டில், இப்படுகையிலுள்ள கொருக்கை, ஆடுதுறை முதலிய ஊர்க் கோயில்களிற் சில கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. அரசன் அதிகாரிகளும் அவர்வழி நிலமாண்டாரும் அளவிறந்த வரி தண்டினமையின், வலங்கை தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் இடங்கை தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் ஒருங்கு கூடினர். இன்ன பயிருக்கு இன்ன அளவே வரி என வரையறுத்தனர். கொடுமை செய்வார்க்குத் துணை போகோம் என்றும் உறுதி செய்தனர். ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். வலங்கையாரும் இடங்கையாரும் தெருவிற்கும் விருதிற்கும் தம்முட் பூசலிட்ட கதைகளையே நாம் மிகுதியாகக் கேட்டிருக்கின்றோம். வரி என்று வந்தபோது அவ்விரு திறத்தாரும் ஒரு சுவரிலே ஒரு சொல்லாய் நின்றனர் என்பதனைச் சாதிச் சங்கம் நடத்தும் நாம் மறத்தலாகாது. அவர் பொறித்தது வெறும் முறையீடும் அன்று. அளவு குறித்த கணக்கு.

ஆங்கிலேயர் காலத்தில், 1852-இல், கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் சென்னைச் சுதேச சங்கத்தார் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு மனு விடுத்தனர். நிலவரி தண்டும் சிப்பந்திகள் குடிகளைச் சித்திரவதை செய்யும் கொடுமையைச் செட்டியார் விடாது வெளிப்படுத்தினார். அதன் பயனாக 1854-இல் விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அக்கொடுமை உண்மையே என்று 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது. இதனை இவ்வளவில் நிறுத்திக் காவிரிக்கு வருவோம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. அந்நாளில் தண்ணீர் வந்தாற் குறுவையும் தாளடியும் உண்டு. பிந்தினாற் சம்பா ஒன்றே. மிகப் பிந்தினால் அதுவும் ஐயமே. 2012-இல் செப்டம்பர் 17-ஆம் நாள்தான் அணை திறக்கப்பெற்றது. ஆழ்குழாய்க் கிணறு இல்லாத உழவர்க்கு அவ்வாண்டு குறுவை என்பதே இல்லையாயிற்று. இத்தண்ணீர் குறித்து மைசூருக்கும் சென்னைக்கும் 1892-லும் 1924-லும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. பின்னதன் சில பிரிவுகளை ஐம்பதாண்டு கழித்து மறு ஆய்வு செய்யலாம் என்று இருந்தது. 1974-இல் அவ்வொப்பந்தமே காலாவதியாயிற்று என்றது கர்நாடகம். ஆகவில்லை என்றது தமிழ்நாடு. இதற்கிடையில் கபினி, ஏமாவதி, ஹாரங்கி என்னும் துணையாறுகளில் அங்கே அணைகள் எழுந்தன. மைசூர் சுதேச சமஸ்தானமாக இருந்த காலத்தில் வலியார் முன் மெலியார் இட்ட கையெழுத்து அது என்பது அவர் கட்சி. அதனையும் கூறாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. மாண்டியாவில் ஏர் பிடிப்பவனும் உழவனே.

தமிழ்நாட்டு அரசு 1971-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கிட்டது. பேச்சுவார்த்தையால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் 1972-இல் அதனை மீட்டுக்கொண்டது. பேச்சு நடந்தது, மேலும் நடந்தது, ஆண்டுகள் பத்துக்கு மேலாயின. அரசுக்கு வேறு பல காரியங்களும் இணக்கங்களும் உண்டாதலின், ஒரு வழக்கை இடுவதும் எடுப்பதும் அதற்கு எளிது. கடைமடையிலே நாற்றங்கால் காய்கின்றவனுக்கு அஃது எளிதன்று.

இந்நிலையிலேதான் 1983 நவம்பரில், தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்னும் நீண்ட பெயருடைய பதிவுபெற்ற சங்கம் ஒன்று நேரே சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியது. மன்னார்குடி எஸ். ரங்கநாதன் இதனை முன்னின்று நடத்தியவர். பெயரை நோக்குமின்: அதில் எச்சாதியும் இல்லை, காவிரியும் விவசாயியுமே உண்டு.

அச்சங்கத்தார் கேட்டது இன்னது என்பதனை ஊன்றி அறிதல் வேண்டும். இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் உள்ளது. மாநிலங்களிடை ஓடும் ஆற்றுநீர்ப் பூசல்களுக்கென 1956-இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி நீரைப் பங்கிடும் அதிகாரம் நடுவர் மன்றத்திற்கே உண்டு. சுப்ரீம் கோர்ட்டும் அதிற் புகலாகாது. நடுவர் மன்றம் வேண்டும் என மைய அரசைக் கேட்கும் உரிமை மாநில அரசுக்கே உண்டு. உழவர்க்கு இல்லை, சங்கத்திற்கும் இல்லை. மேற்போக்காகக் காண்பார்க்கு வாயில்கள் எல்லாம் அடைபட்டனவாகவே தோன்றும். ஆயின் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, பேச்சினால் இப்பூசல் தீராது என்று மைய அரசு கருதுமாயின் நடுவர் மன்றத்தை அமைத்தல் வேண்டும் என விதிக்கின்றது. ‘அமைக்கலாம்’ என்றன்று, ‘அமைத்தல் வேண்டும்’ என்று. சங்கத்தார் பிடித்தது இக்கயிற்றையே. ‘எமக்கு இத்தனை தண்ணீர் தருக’ என்று கேட்டிருப்பின், அது தன் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று எனக் கோர்ட்டு அன்றே தள்ளியிருக்கும். அவர்களோ, ‘சட்டம் மைய அரசின்மேல் வைத்த கடமையைச் செய்யுமாறு ஆணையிடுக’ என்று கேட்டனர். அந்நெடிய பூசலில் இதுவே கோர்ட்டினாற் செய்யத்தக்க ஒன்று. தண்ணீரே உயிராயிருக்க, தண்ணீரைக் கேளாமல் கடமையைக் கேட்பதற்கு எத்துணை மன அடக்கம் வேண்டும்! இலக்கணம் கற்பிப்போராகிய எமக்கு, ஒரு வினைமுற்றின் விகுதியில் ஒரு நாட்டின் விளைச்சல் தங்கியிருந்தது என்பதில் தனி மகிழ்ச்சியும் உண்டு. அதனை அன்பர் பொறுத்தருள்க.

இம்மனுவைத் தொடுக்கச் சங்கத்திற்கு உரிமை இல்லை என்று கர்நாடகம் எதிர்த்தது. வழக்கு நெடிது நின்றது. தமிழ்நாட்டு அரசு 1986 ஜூலையில் மைய அரசுக்கு முறைப்படி எழுதி நடுவர் மன்றம் கேட்டது. கோர்ட்டிலும் சங்கத்தாரின் கோரிக்கையை முழுதும் ஆதரித்தது. அதனால் உரிமை பற்றிய தடை தன் வலியை இழந்தது. 1990 மே 4-ஆம் நாள் நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ரா, பி. பி. சாவந்த், கே. ராமசாமி ஆகிய மூவரும் தீர்ப்பளித்தனர். இருபத்தாறு முறை கூடிப் பேசியும் தீராத பூசல் இனிப் பேச்சினால் தீராது எனக் கண்டு, ஒரு திங்களுக்குள் நடுவர் மன்றம் அமைக்குமாறு ஆணையிட்டனர். ஜூன் 2-ஆம் நாள் மன்றம் அமைந்தது.

சங்கத்தாரின் மனு ஒன்றே இதனைச் செய்தது என்று யாம் கூறமாட்டோம். மாநில அரசு கேட்டிராவிடின் சட்டப்படி மன்றம் அமைதல் அரிது. ஆயினும், அரசு தன் வழக்கை மீட்டுக்கொண்ட பின்னும், மீண்டும் கேட்கத் துணிவதற்கு முன்னும் இருந்த இடைவெளியில், காவிரியின் பெயரை அந்நியாயஸ்தலத்தின் ஏட்டில் விடாது வைத்திருந்தவர் இவ்வுழவரே. குடிகளின் சங்கம் அரசிற்கு மாற்றாகாது. அரசு சோர்ந்தவிடத்து விளக்கை அணையாமற் காப்பது அதற்கு இயலும்.

பின்னர் நிகழ்ந்தவை யாவும் இனியன அல்ல. 1991 ஜூனில் நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது, ஒரு டி.எம்.சி. என்பது நூறுகோடிக் கன அடி. கர்நாடக அரசு அவசரச் சட்டத்தால் அதனைத் தடுக்க முயன்றது. சுப்ரீம் கோர்ட் அச்சட்டம் செல்லாது என்றது. அவ்வாண்டு டிசம்பரிற் பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தமிழர் தாக்குண்டனர். குடும்பங்கள் பல உடுத்த துணியோடு ஊர் திரும்பின. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-ஆம் நாள் வந்தது. தமிழ்நாட்டிற்கு 419 டி.எம்.சி. எனக் கண்டது. அது மைய அரசின் கெஜட்டில் ஏறியது 2013-இல். 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் அதனை 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகம் எல்லையில் விடவேண்டுவதும் 192-இலிருந்து 177.25 ஆயிற்று. மனுத் தொடுத்த ஆண்டிற் பிறந்த மகவு முப்பத்தைந்து வயதை எட்டிவிட்டது.

இடையே நிகழ்ந்த ஒன்று எம் உள்ளத்தைக் கவர்ந்தது. 2003-ஆம் ஆண்டில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முதலியோர் முயற்சியால், இரு மாநில உழவர்களும் ஓரிடத்துக் கூடிக் ‘காவிரிக் குடும்பம்’ என ஒரு குழு அமைத்தனர். கோர்ட்டில் எதிரெதிர் நின்ற உழவர் ஒருவர் வயலை ஒருவர் சென்று கண்டனர். அதனால் ஒரு டி.எம்.சி.யும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயினும் வழக்காடுதலும் உறவாடுதலும் ஒருங்கே இயலும் என அவர்கள் காட்டினர். அரசுகளால் அஃது இயன்றதில்லை.

தண்ணீரோடு மண்ணுக்கும் குடிகள் போராட நேர்ந்தது. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்கக் கம்பெனி ஒன்றிற்கு மைய அரசு உரிமை அளித்தது; 2011 ஜனவரியில் மாநில அரசும் உடன்பட்டது. உழவர் எதிர்த்தனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அப்பிரசாரத்தில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியிற் காலமானார். அவ்வாண்டே மாநில அரசு வல்லுநர் குழு அமைத்தது. 2015-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2020 பிப்ரவரியிற் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அச்சட்டம் தொடாமல் விட்டது. இஃது ஒரு பெருங்குறையே. ஆயினும் 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, எதிர்ப்பார்க்குச் சுட்டிக்காட்ட ஒரு சட்டம் கையில் இருந்தது. அவ்வேப்ரலிலேயே அம்மூன்றும் பட்டியலினின்று நீங்கின.

ஆதலின் நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு யாம் சொல்வது இது. வாய்க்காலும் மதகும் பற்றிய குறையை மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நிகழும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில், ஊர், சர்வே எண், வாய்க்காற் பெயர் குறித்து எழுதிக் கொடுத்து ரசீது பெறுக. ஊருக்குப் பொதுவான கருத்தைக் கிராம சபையில், ஏனைச் சமூகத்தாரையும் உடன்கொண்டு தீர்மானமாக்குக. அச்சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிற் கூடுகின்றது. ஆவணம் வேண்டின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் பற்றியதாயின், 2018 ஜூனில் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் மைய அரசின் அதிகாரிகளும் நான்கு ஆட்சிப்பகுதிகளின் செயலர்களும் இருக்கின்றனர். உழவர்க்கென அங்கே ஓரிடமும் இல்லை. நம் சொல் அங்குச் சேர வேண்டுமாயின், தமிழ்நாட்டு நீர்வளத்துறைச் செயலர் வாயிலாகவே சேர்தல் வேண்டும். விண்ணப்பத்தின் மேலே அவர் பதவிப்பெயரையே எழுதுக.