அயலார் கோளில் நடந்த பள்ளிக்கூடம்

இந்திய விண்வெளித் திட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஏவுகலங்களின் வரிசையைப் பற்றிக்கொண்டே செல்வர். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த அமெரிக்க நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டில் தொடங்கி, 1980-இல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3, 1994-இல் வெற்றி கண்ட பி.எஸ்.எல்.வி. என்று அவ்வரிசை நீளும். ஆயின் பயன்பாட்டின் வரலாறு இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டு நடக்கவில்லை. சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாத காலத்திலேயே, கோளின் பயனைத் தரையில் சோதித்துப் பார்க்கும் வேலையை அத்திட்டத்தின் முன்னோடியான விக்ரம் சாராபாயும் அவருடைய சகாக்களும் தொடங்கிவிட்டனர்.

முதற்சோதனை தென்னந்தோப்பில் நடந்தது. கேரளத்தில் பரவிவந்த வேர்வாடல் நோயைக் கண்டறியும் பொருட்டு, 1970-இல் வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடியின் தலைமையில் ஒரு குழு ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவு செய்யும் ஃபிலிமில் தோப்புகளைப் படம் பிடித்தது. நலமான இலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையில் அது குறையும். அதனால் அந்த ஃபிலிமில் நலமான மரங்களின் தலைகள் சிவப்பாகவும், நோய்ப்பட்டவை வெளிறியும் தெரிந்தன. ஒரு பொருளைத் தொடாமலும் நெருங்காமலும் அதிலிருந்து வரும் கதிரைக் கொண்டே அதன் நிலையை அறியும் இம்முறைக்குத் தொலையுணர்வு என்று பெயர். 1988 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏறிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியத் தொலையுணர்வுக் கோள் வரை நீளும் பாதையின் முதற்படி இந்தத் தோப்புகளிலேயே வைக்கப்பட்டது.

இரண்டாவது சோதனை இதனினும் பன்மடங்கு பெரியது. 1969-இல் இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கக் கோள் ஓராண்டுக்கு இந்தியாவின் பயன்பாட்டுக்குத் தரப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றிவருவதால் தரையிலிருந்து பார்ப்போருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் கோள் அது; கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலாக அதை நகர்த்தி நிறுத்தியதும், இந்திய நிலப்பரப்பு முழுவதும் அதன் பார்வைக்குள் வந்தது. செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, சுருக்கமாக ‘சைட்’, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை.

வானில் இருந்தது அயலாருடையது எனினும், தரையில் இருந்தவை பெரும்பாலும் உள்நாட்டில் உருவானவை. கோள் அனுப்பும் அலையை நேரடியாக வாங்க ஒவ்வோர் ஊரிலும் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அலைவாங்கிக் கிண்ணம் தேவைப்பட்டது. இந்திய விண்வெளித் திட்டத்தின் அகமதாபாத்துப் பொறியாளர்கள் அதைக் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே செய்தனர். கம்பிகளுக்கு இடையிலான துளை, வரும் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், அலைக்கு அவ்வலையும் முழுத்தகடும் ஒன்றே. காற்று வலையினூடே புகுந்து சென்றுவிடுவதால் தாங்குகம்பத்தின் சுமையும் குறைந்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி மின்கலத்தில் ஓடியது. பள்ளியிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ வைக்கப்பட்ட அந்தப் பெட்டி, காலையில் ஒன்றரை மணிநேரம் பிள்ளைகளுக்கும், மாலையில் இரண்டரை மணிநேரம் பெரியவர்களுக்கும் உரியதாக இருந்தது. உழவு, உடல்நலம், குடும்பநலம், அறிவியல் ஆகியவற்றைப் பற்றிய நிகழ்ச்சிகள் இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியா மொழிகளில் ஒளிபரப்பாயின. விடுமுறைக் காலத்தில் ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்களுக்கு இதே வழியில் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பார்த்தவர்களிடம் என்ன மாற்றம் நேர்ந்தது என்று அறிய மானிடவியலாளர்கள் சில ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தனர். ஒரு பொறியியல் திட்டம் தன் பயனை இவ்வளவு பொறுமையாக அளந்து பார்த்தது அந்நாளில் அரிது, இந்நாளிலும் அப்படித்தான்.

ஓராண்டு முடிந்ததும் நாசா தன் கோளை மேற்கு நோக்கி நகர்த்திக்கொண்டது. தரைவழி ஒளிபரப்பு எட்டிய ஊர்களைத் தவிர, ஏனைய ஊர்ப் பெட்டிகள் பயனற்றுப் போயின. சொந்தக் கோளுக்கான காத்திருப்பு ஏழாண்டு நீடித்தது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்ததால், 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடம் சுமந்து சென்ற இன்சாட்-1பி கோளே தொலைபேசி, தொலைக்காட்சி, மேகப்படம் ஆகிய மூன்றையும் ஒருசேர நாட்டுக்குத் தந்தது. அதன் துணையால் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. எனினும், வட்டார மொழியில் சிற்றூரின் பொதுப்பெட்டிக்குப் பேசிய ‘சைட்’ போலன்றி, டெல்லியிலிருந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் வீட்டுக்கூடத்துப் பெட்டிக்குப் பேசும் தேசிய ஒளிபரப்புக்கே இந்த வசதி முதன்மையாகப் பயன்பட்டது. நுட்பம் வென்ற இடத்தில் நோக்கம் பாதிவழியில் இறங்கிக்கொண்டது என்றே கொள்ளவேண்டும். சாராபாய் 1971-லேயே மறைந்துவிட்டதால், இவ்விரண்டில் எதையும் அவர் காணவில்லை.

அவருடைய எண்ணத்துக்கு நெருக்கமான பயன்கள் வேறிடங்களில் தலைகாட்டின. இன்சாட் வழியாகவே புயல் எச்சரிக்கையை வாங்கி ஒலிக்கும் கருவிகள் 1980-களில் தமிழ்நாடு, ஆந்திரக் கரையோரங்களில் நிறுவப்பட்டன. ஐ.ஆர்.எஸ். படங்களைக் கொண்டு பாறைப்பிளவுகளையும் பழைய ஆற்றுத்தடங்களையும் கண்டு, நிலத்தடி நீர் கிடைக்கக்கூடிய இடங்களுக்கு வரைபடங்கள் தயாராயின.

இத்தகைய பயன்களுள் அன்றாட வாழ்வோடு மிகவும் ஒட்டியது மீன்பிடி மண்டல அறிவிப்பு ஆகும். ஆழத்துக் குளிர்நீர் மேலெழும் இடத்தில் சத்துப்பொருள்கள் மிகுந்து, மிதவை நுண்தாவரங்கள் பெருகும். அவற்றை உண்ணும் சிற்றுயிர்களைத் தேடி மீன் கூட்டம் வரும். கடல்மேற்பரப்பின் வெப்பத்தை வெப்பக்கதிர் உணரிகளும், நுண்தாவரங்களின் பச்சையத்தைக் கடலின் நிறத்தை அளக்கும் கருவிகளும் கோளிலிருந்தே காட்டிவிடும். 1999 மே மாதம் ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 இரண்டாம் வகைக் கருவியைச் சுமந்தது. இவ்விரு தரவுகளும் ஒத்துக்காட்டும் இடங்களைக் குறித்து, ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகள் தேசிய மையம், ஒவ்வோர் இறங்குதளத்துக்கும் திசை, கோணம், தொலைவு, ஆழம் ஆகியவற்றை உள்ளூர் மொழிகளில் வெளியிடுகிறது. தேடி அலையும் நேரம் குறைவதால் படகுக்கு டீசல் மிச்சமாகிறது. என்ன மீன், எவ்வளவு மீன் என்பதை அந்த அறிவிப்பு சொல்லாது. மேகம் மூடிய நாட்களில் உணரிகளுக்குக் கடல் தெரியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், இனப்பெருக்கத்துக்குக் கூடும் மீன்களைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பதால், அக்கரைக்கு அறிவிப்பு நிறுத்தப்படுகிறது.