அரைநாள் பள்ளி, அரைநாள் தறி: நேரம், கடன், எதிர்காலம்

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசவருபவர்கள் பெரும்பாலும் அதன் கல்விப் பெருமையிலிருந்துதான் தொடங்குவார்கள். பல்லவர் காலத்துக் கடிகை, கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் தன் குருவோடு படிப்புத் தேடி இங்கே வந்ததாகச் சொல்லும் தாளகுண்டாக் கல்வெட்டு என்று அந்தப் பட்டியல் நீளும். அந்தக் கடிகை யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்ற பேச்சு மட்டும் வராது. அதே ஊரில்தான் பிள்ளையார்பாளையம் இருக்கிறது; தெருத்தெருவாகத் தறிகளால் அறியப்பட்ட பகுதி. 'கல்வி நகரம்', 'பட்டு நகரம்' என்கிற இரண்டு கதையாடல்களுக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது, தறியின் ஓரத்தில், கையில் நாடாவோடு. பள்ளிக்கூடம் பிள்ளைகளின் கனவை வளர்ப்பது எப்படி என்ற கேள்வியை அந்த இடத்திலிருந்து கேட்டுப்பார்க்கலாம்.

வழக்கமான பதில் நமக்குத் தெரிந்ததுதான். பெரிதாக ஆசைப்படு, இலக்கு வை, உழை. ஆண்டுவிழா மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் இந்தச் சொல்லாடல், எதிர்காலத்தை மாணவரின் மனத்துக்குள் இருக்கும் ஒரு சரக்காகப் பார்க்கிறது. என் பார்வையில் எதிர்காலம் என்பது முதலில் நேரம். இன்றைய பொழுது தன் கையில் இல்லாத பிள்ளையிடம் நாளைய பொழுதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆக, பிள்ளையின் நேரம் யாருடையது என்பதே அடிப்படைக் கேள்வி.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் அப்பட்டமாக வெளியே வந்த ஆண்டு 1953. முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளிகளில் பாடநேரத்தை நாளுக்கு 3 மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறைக்கு வழி, இரண்டு முறைவைத்து அதிகப் பிள்ளைகளுக்கு இடம், உழைப்புக்கு மரியாதை என்றெல்லாம் நியாயங்கள் சொல்லப்பட்டன. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வி. 1953 ஜூலை 29இல் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சட்டமன்றத்தில் 138க்கு 138 என்று சமநிலையில் நின்று தோற்றது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதம் திட்டமே கைவிடப்பட்டது. நமது கல்வி வரலாற்றில் இது ஒரு வெற்றி; ஐயமில்லை.

ஆனால் பிள்ளையார்பாளையத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. காஞ்சிபுரம் அப்போதே நகராட்சி. கிராமங்களுக்கென்று வந்த திட்டம் சட்டப்படி இந்தத் தெருக்களுக்குரியது அல்ல. அரசாணை வராமலேயே இங்கே அரைநாள் முறை இருந்தது. அரசாணை ஒழிந்த பிறகும் இருந்தது. சில வீடுகளில் அரைநாள்கூட இல்லை, முழுநாளும் தறிதான்.

காரணம் தறிக்குள்ளேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் பிரிக்க முடியாதபடி கோத்து நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரால் ஆகாது. ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொரு ஆளுக்குப் பெரியவர் கூலி கொடுத்துக் கட்டுப்படி ஆகாது என்பது கணக்கு. ஆகவே பிள்ளை. சொந்தப் பிள்ளை, அல்லது முன்பணம் வாங்கிய ஏழை வீட்டிலிருந்து வந்த பிள்ளை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டிருந்தது. பெற்றவர் வாங்கிய கடனைப் பிள்ளையின் நேரம் அடைக்கிறது. கூலியோ அசலைத் தொடுவதே இல்லை. கடன் என்பது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அடமானம் வைத்து எழுதிய பத்திரம். அந்தப் பத்திரம் இருக்கும்வரை வகுப்பறையில் 'நீ என்னவாகப் போகிறாய்' என்று கேட்பது கொஞ்சம் குரூரமான கேள்வி.

சட்டத்தின் மொழியையும் வாசித்துப்பார்க்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி அச்சடித்தல், சாயமிடுதல், நெசவு ஆகியவற்றைக் குழந்தைகளுக்குத் தடைசெய்தது. கூடவே ஒரு விதிவிலக்கு. குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கும், அரசு நடத்துகிற அல்லது ஏற்றுக்கொண்ட பள்ளிக்கும் தடை பொருந்தாது. குடும்பமும் பள்ளியும் ஒரே வாக்கியத்தில், இரண்டும் பிள்ளைக்குத் தீங்கு செய்யாத இடங்கள் என்ற அனுமானத்தோடு! கூலிக்கு வந்த பிள்ளையையும் "எங்க வீட்டுப் பிள்ளைதாங்க" என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. 2016இன் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரின் வேலையைப் பொதுவாகத் தடைசெய்தது. ஆனால் ஆபத்தானவை என்று பட்டியலிட்டவை தவிரக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று அதுவும் இடம் விட்டது. 1953இன் அரைநாள், 63 ஆண்டுகள் கழித்து மாலைநேரமாகச் சுருங்கித் திரும்பி வந்திருக்கிறது. தர்க்கம் அதேதான்: பிள்ளையின் ஓய்வு நேரம் குடும்பத் தொழிலின் சொத்து.

இங்கே ஒருவர் அண்ணாவைக் காட்டலாம். 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் பச்சையப்பன் பள்ளியில் படித்தவர். குடும்ப நிலைமையால் படிப்பை நிறுத்தி நகராட்சியில் எழுத்தராக இருந்தவர். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய், 1967இல் முதல்வரானவர். இந்தக் கதையை 'உழைத்தால் நீயும் ஆகலாம்' என்று சொல்லிக்கொடுத்தால், ஆக முடியாத ஆயிரம் பிள்ளைகள்மீது பழியைப் போட்டதாகிவிடும். அதையே வேறு மாதிரி வாசிக்கலாம். நின்றுபோன படிப்புக்குத் திரும்பிவர ஒரு கதவு திறந்திருந்தது என்பதல்லவா அதில் முக்கியம்? 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் அப்படிப்பட்ட கதவுகளாக நினைக்கப்பட்டவைதான். 2021இல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுத் தனி இருப்பை இழந்தது.

பள்ளியின் பங்கையும் பேசாமல் விட முடியாது. "படிக்கலைன்னா குழித்தறியிலதான்டா உக்காரணும்" என்ற பேச்சில், அப்பாவின் வேலை பிள்ளைக்குத் தண்டனையாகக் காட்டப்படுகிறது. பாவின் இழை எண்ணிக்கை, கரையில் கட்டம் மாறும் வரிசை, இதெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு பாடப்புத்தகத்துக்குள் வந்ததில்லை. 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து அதன் வழியே எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் கற்பிக்கப் பார்த்தது. 1953 திட்டமோ பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே, பிறந்த வீட்டின் தொழிலுக்கே அனுப்பியது. இந்த வேறுபாட்டை நமது விவாதங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. நெசவு எந்தத் தெருப் பிள்ளையும் கற்கக்கூடிய அறிவாக இருக்கும்போதுதான் நெசவாளியின் பிள்ளை அதை வேண்டாமென்று சொல்லவோ விரும்பி எடுக்கவோ முடியும். 2024இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு மறுத்தபோது எழுப்பிய முக்கிய ஆட்சேபம், விண்ணப்பிப்பவர் பரம்பரைத் தொழில் செய்யும் குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பற்றியது. 1953 இன்னும் முடியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தறியை விட்டால் எதிர்காலம் வந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 'படி, கம்பெனிக்குப் போ' என்று காட்டப்பட்ட இலக்கின் ஆயுள் எட்டு ஆண்டு. ஒற்றை இலக்கைப் பிள்ளை கையில் திணிப்பது குலத்தொழிலின் இடத்தில் கம்பெனியை வைப்பதுதான். அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆசைப்படுவதே ஒரு பண்பாட்டுத் திறன், அது வசதியுள்ளோருக்கு அதிகமாகவும் ஏழைகளுக்குக் குறைவாகவும் பங்கிடப்பட்டிருக்கிறது என்கிறார். வழிகளை முயன்று, தவறி, திரும்பிப் பார்க்க வாய்த்தவர்களுக்கே அது பழகும். அப்படிப் பழக வைக்கும் இடமாகப் பள்ளி இருக்கலாம். அதற்கு முயலவும் தவறவும் நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொஞ்சமாவது மீட்டவை மேடைப் பேச்சுகள் அல்ல. 1956இல் காமராசர் ஆட்சி விரிவாக்கிய மதிய உணவும் 2022இல் வந்த காலை உணவும், ஒருவேளைச் சோற்றுக்காகப் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் கட்டாயத்தைத் தளர்த்தின. முன்பணத்தை அடைப்பதும், தறியில் இரண்டாவது ஆளுக்குப் பெரியவர் கூலி கட்டுப்படியாகும் விலையைப் புடவைக்குப் பெறுவதும்கூடக் கல்விக் கொள்கைதான் என்று நாம் வாதிட வேண்டும். பிள்ளைகளோடு வேலைசெய்யும் நண்பர்கள் 'பெரியவனாகி என்ன ஆகப்போறே' என்பதைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு இன்னொன்றைக் கேட்டுப்பார்க்கலாம்: "சாயந்திரம் நாலு மணிக்கு மேல நீ என்ன செய்யறே?"