வெட்டி எறிந்த படச்சுருளிலிருந்து

ஸ்டார் ட்ரெக் என்னும் அறிவியல் புனைவுத் தொடரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அதன் விண்கலத்தைப் பற்றியும், அது முன்கூட்டியே கற்பனை செய்துவிட்ட கருவிகளைப் பற்றியுமே அதிகம் எழுதுகிறார்கள். நாம் இங்கே பேச விரும்புவது அத்தொடரைப் பார்த்தவர்களைப் பற்றி. குறிப்பாக, பார்த்ததோடு நில்லாமல் அதன் காட்சிகளை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, ஒரு பாட்டோடு இணைத்துப் புதிதாக ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்ட அமெரிக்கப் பெண்களைப் பற்றி. வீடியோ என்ற சொல்லைச் சுருக்கி 'விட்' என்று அவர்கள் அழைத்த இந்த ரசிகக் காணொளியின் வரலாறு யூடியூபுக்கு முப்பது ஆண்டுகள் மூத்தது.

1966-ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர், 79 அத்தியாயங்களோடு 1969-ல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் அது பெரிதாக வளர்ந்தது. உள்ளூர் நிலையங்கள் மறு ஒளிபரப்பு செய்யச் செய்ய, ரசிகர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பாராயணம் செய்தவர்களைப்போல் மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் கருவி இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் படத்தொகுப்பின்போது வெட்டி எறியப்பட்ட 35 மி.மீ. படச்சுருள் துண்டுகள் ரசிகர்களுக்குக் கிடைத்தன; ரோடன்பெரி தம்பதியரின் நிறுவனமே அவற்றை அஞ்சல்வழி விற்றது.

1975-ல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை அத்தகைய துண்டுகளைச் சட்டத்தில் பொருத்தி ஸ்லைடுகளாக்கினார். இரண்டு ப்ரொஜெக்டர்களை அருகருகே வைத்து, டேப்பில் ஓடும் பாட்டுக்கு ஏற்பக் கையாலேயே படங்களை மாற்றிக் காட்டினார். பாட்டு, குடித்துவிட்ட மாலுமியைப் பற்றிய பழைய கப்பல் பாட்டின் மெட்டில் ரசிகர்கள் கட்டியது. மாலுமியின் இடத்தில் ஸ்பாக்கின் இனமான வல்கன். கேலிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளிபரப்பில் இடம்பெறாத துண்டுகளும் அவர் கையில் இருந்தன. ஆகவே தொடரில் எங்கும் நிகழாத ஒரு காட்சியை, தொடரின் சொந்தப் படங்களைக் கொண்டே அவரால் நிகழ்த்திக் காட்ட முடிந்தது.

இதைப் பெண்கள் ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர் ஃப்ரான்செஸ்கா கோப்பா 2008-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விடை சொல்கிறார். நமக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்த முதல் முன்னோட்டப் படத்தில், கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். மேஜல் பாரெட் நடித்தது. உணர்ச்சி காட்டாத, கூர்மையான அறிவுடைய அப்பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. 'நம்பர் ஒன்' மட்டுமே. அப்பாத்திரம் நீக்கப்பட்டது. அவளுடைய குளிர்ந்த அறிவு ஸ்பாக்கிடம் போய்ச் சேர்ந்தது. அதே மேஜல் பாரெட் தொடருக்குள் ஸ்பாக்கை ஒருதலையாகக் காதலிக்கும் நர்ஸாகவும், கப்பல் கணினியின் குரலாகவும் திரும்பி வந்தார். ஒரு பெண்ணை ஆசையாகவும் அறிவாகவும் உடலில்லாத குரலாகவும் பிரித்துப் போட்ட ஒரு தொடரை, பெண்கள் கையில் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தார்கள் என்பதில் வியப்பென்ன? திரையில் பார்க்கப்படுகிறவளாக மட்டும் இருந்தவள், இங்கே எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறவளாகிறாள்.

1981-ல் தொடங்கிய எம்.டிவி.யின் பாட்டுப் படங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பாட்டு முதன்மை. படம் அதற்கு அலங்காரம். விட்டில் படமே மூலம். பாட்டு அதற்கு உரை. நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லைப் பிரித்து, முன்னும் பின்னும் கூட்டிப் புதுப்பொருள் காட்டுவதை நினைத்துக்கொண்டால் போதும். 1980-ல் ஃபாங் செய்த ஒன்றில், ஜோனி மிட்செல் இயற்றிய 'போத் சைட்ஸ் நௌ' பாடலை லெனார்ட் நிமாயே பாடுகிறார். ஸ்பாக்காக நடித்த அவர் 1960-களின் இறுதியில் இசைத்தட்டுகளும் வெளியிட்டிருந்தார். எதையும் இரு பக்கமிருந்து பார்த்துவிட்ட ஒருவரின் பாட்டு. பாதி மனிதனும் பாதி வல்கனுமான ஸ்பாக்கின் முகம். அந்தக் குரல் நடிகருடையதா, பாத்திரத்தினுடையதா என்ற ஐயமே அதன் பொருளாகிவிடுகிறது.

வீடியோ கேசட் ரெக்கார்டர் வந்தபின் கலை வீட்டுக்குள் வந்தது, எளிதாகிவிடவில்லை. 1970-களின் பிற்பகுதியில் ஒரு ரெக்கார்டரின் விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். தொகுப்பதற்கோ இரண்டு வேண்டும்: ஒன்றில் ஓடும், மற்றதில் பதியும். பாஸ் பொத்தானை அழுத்தினால் நாடா சற்றே பின்னுக்கு உருளும். எவ்வளவு உருளும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒட்டிய காட்சியின் வால் அறுந்துவிடும். பாஸில் சில நிமிடங்களுக்கு மேல் வைத்திருந்தால் கருவி தானாக விடுபட்டுவிடும். அடுத்த காட்சியைத் தேடிப் பிடிக்க அவ்வளவுதான் அவகாசம். பலருடைய கருவிகளில் பாட்டை இறுதியாகத்தான் ஏற்ற முடியும். எனவே ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துப் பாட்டின் ஒவ்வொரு அடியையும் அளந்து, தாளில் குறித்து, அக்கணக்குப்படி காட்சிகளை முதலிலிருந்து கடைசிவரை ஒரே வரிசையில் பதித்துவிட்டு, பிறகு பாட்டை ஏற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு காட்சி அரை நொடி பிசகியிருந்தால் அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். பிரதி எடுக்கும்தோறும் படம் மங்கும் என்பதால், மூல நாடா யாரிடம் இருக்கிறது என்பது பெரிய செய்தி.

இந்த நுணுக்கங்களைச் சொல்லித்தரும் கையேடு கடையில் இல்லை. வார இறுதிகளில் ஒருவர் வீட்டில் கூடி, கருவிகளைச் சேர்த்து, தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். 'கலிஃபோர்னியா க்ரூ' என்ற குழுவினர் 1990-ல் செய்த 'பிரெஷர்' அப்படி ஒரு விட் உருவாவதையே விட்டாக்கியது. பெண்களுக்கு இயந்திரம் வராது என்று சொல்லப்பட்ட காலத்தில் அவர்கள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய ஆவணம் அது; சிரிக்கவும் வைக்கிறது. ஹென்றி ஜென்கின்ஸ் 1992-ல் வெளியிட்ட 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' நூலில் இக்கலைக்கென்றே ஒரு இயலை ஒதுக்கினார்.

வெளியுலகம் அறியாமல் இருந்ததில் அவர்களுடைய விருப்பமும் உண்டு. காட்சியும் பிறருடையது, பாட்டும் பிறருடையது; வழக்கு வருமோ என்ற அச்சம். அந்த மறைவுக்கு விலை கொடுக்க வேண்டியும் வந்தது. 1967-ல் ஒளிபரப்பான 'அமோக் டைம்' அத்தியாயத்தில் ஸ்பாக் தன் உடலின் வேட்கையால் அறிவிழக்கும் நிலைக்கு வருகிறான். கப்பல் உரிய நேரத்தில் அவனுடைய கிரகத்தை அடைந்துவிடுகிறது. அடையாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கும் 'க்ளோசர்' என்ற விட், கலங்கலான பழுப்பு நிறத்தில், அச்சமூட்டும் தீவிரத்தோடு அமைந்தது. 2006-ல் செய்தவர்களின் அனுமதியின்றி யாரோ அதை யூடியூபில் ஏற்றிவிட, வரலாறு தெரியாத லட்சக்கணக்கானோர் அதை வெறும் நகைச்சுவையாகப் பார்த்துச் சிரித்தார்கள். காட்சிகளை வெட்டி ஒட்டுவது இணையத்து இளைஞர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

மறைந்திருந்தால் வேறொருவர் நம் வரலாற்றை எழுதிவிடுவார் என்று உணர்ந்த ரசிகைகள் 2007-ல் 'ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வணிக நோக்கமற்ற விமர்சனக் காணொளிக்காக டிவிடியின் பூட்டை உடைத்துச் சிறு பகுதிகளை எடுப்பது குற்றமாகாது என்ற விலக்கை 2010-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அளித்தது. அதற்காக வாதாடியவர்களில் இந்த அமைப்பும் ஒன்று. கோப்பாவின் முழு நூல் 2022-ல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. 2002 முதல் சிகாகோவில் விட்டுகளுக்கென்றே ஆண்டுதோறும் கூடிய 'விவிட்கான்' 2018-ல் நிறைவடைந்துவிட்டது. பழைய கேசட்டுகளில் சில எண்முறைக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. ஃபாங் கையால் மாற்றி மாற்றிக் காட்டிய அந்த முதல் ஸ்லைடு காட்சியோ ஒவ்வொரு முறையும் மேடையில் நிகழ்ந்து முடிந்தது. விளக்கணைந்த அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே அது உரியது.