காஜியும் நீதிபதியும்

நிகாஹ் பதிவேட்டில் ஒப்பமிடுபவரை நாம் காஜி என்கிறோம். அச்சொல்லின் பொருளோ நீதிபதி என்பதாகும். பக்தாதில் வாழ்ந்து 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் காஜிக்கு ஏழு தகுதிகளை வகுத்தார்கள். நேர்மையும், ஷரீஅத்தின் மூலங்களிலிருந்து சட்டத்தை ஆராய்ந்தறியும் கல்வியும் அவற்றுள் அடங்கும். ஆணாயிருத்தலும் ஒன்று, எனினும் பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் வழக்குகளில் பெண்ணும் தீர்ப்பளிக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து. அந்த மத்ஹபின் இமாமோ, கலீஃபா மன்சூர் வற்புறுத்தியும் இப்பதவியை ஏற்காமல் சிறைப்பட்டார்கள் என்பது வரலாறு. அத்துணை அஞ்சத்தக்க பொறுப்பு அது!

ஆங்கிலேயர் 1864இல் காஜிகளின் அரசு நியமனத்தை ஒழித்தனர். பின்னர் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், ஊர்ப் பெரியோரைக் கலந்து ‘தகுதியான’ ஒருவரை அரசு நியமிக்க வழிசெய்தது. தகுதி எதுவென்று அச்சட்டம் கூறவில்லை. காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லை என்பதை மட்டும் 4ஆம் பிரிவில் ஐயமறக் கூறிற்று. உயர் நீதிமன்ற நீதிபதிக்கோ, நீதித்துறைப் பதவியிலோ உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ பத்தாண்டு அனுபவம் வேண்டுமென்கிறது நமது அரசியல் சாசனம்.

பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கில், காஜி வழங்கும் தலாக் சான்று வெறும் கருத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆகவே, நம் ரமணாசிரமம் பகுதியில் எந்தச் சகோதரியேனும் அத்தகைய தாளைத் தீர்ப்பென்றெண்ணித் தம் உரிமையைக் கோராதிருப்பின், அவர் நீதிமன்றத்தை நாடத் தடையேதும் இல்லை.