இடுக்கண்

இடுக்கண் (பெயர்ச்சொல்): துன்பம், இடர், நெருக்கடி.

'இடுங்குதல்' என்றால் சுருங்குதல், ஒடுங்குதல். நோயில் மெலிந்தவரைப் பார்த்து, 'கண் இடுங்கிப் போச்சே' என்கிறோமே, அதே வினைதான். இடுங்கு + கண் = இடுக்கண். சந்து பொந்தைக் குறிக்கும் 'இடுக்கு', பற்றிப் பிடிக்கும் 'இடுக்கி' எல்லாம் உறவுச் சொற்கள். வருத்தத்தில் மலர்ச்சியிழந்து சுருங்கும் கண்ணைக் குறித்த சொல், வருத்தத்துக்கே பெயராகிவிட்டது.

திருக்குறளின் 63ஆம் அதிகாரம் 'இடுக்கண் அழியாமை'. ஆள்பவனுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் அரசியலின் 25 அதிகாரங்களில் இதுவே கடைசி. இதற்கு முந்தியது 'ஆள்வினையுடைமை', அதாவது விடாமுயற்சி. முயற்சியைச் சொன்ன கையோடு, அது முறியும்போது நிலைகுலையாமையையும் சொல்லி முடிக்கிறார் வள்ளுவர். 'அழிதல்' இங்கே மனம் கலங்குதல். இடுக்கண் வராது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தடைப்படும் இடமெல்லாம் வண்டியை இழுத்தேறும் எருதையே முன்மாதிரி காட்டுகிறார்.

பெரிய ஒப்பந்தம் கைநழுவிய மறுநாள், அலுவலகமே முதலில் பார்ப்பது தலைவரின் முகத்தைத்தான். அங்கே கண் இடுங்கினால் கீழே எல்லோருக்கும் கை ஓடாது. 'மீள்திறன்' என்று இன்று புதிதாக எழுதுகிறோம். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 'இடுக்கண் அழியாமை' இன்னும் பொருத்தமான சொல்.