"எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லாத ஒரு மாணவர்

போன மாசம் "மேற்படிப்புக்கு வெளிநாடு போறவங்க என்ன கேட்கணுமோ கேளுங்க"ன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணா, எத்தனை லிட்டர் குக்கர் எடுத்துட்டுப் போகணும்?" மூணு லிட்டர் போதும். கூடவே ரெண்டு கேஸ்கெட் எடுத்துக்கோங்க. குக்கர் விஷயம் இதோட முடிஞ்சது.

இன்னைக்குப் பேசப்போறது வேற ஒரு பொருள் பத்தி. அதை நீங்க எடுத்துட்டுப் போக வேண்டாம், அங்க போனதும் அவங்களே கொடுப்பாங்க. ஓரியன்டேஷன் அன்னைக்கு ஒரு துணிப்பை, ஒரு தண்ணி பாட்டில், ரெண்டு பேனா, ஒரு கையேடு. அந்தக் கையேட்டைத்தான் சொல்றேன். வெளிநாட்டு மாணவர் அலுவலகம், கவுன்சலிங், பட்டமேற்படிப்பு மாணவர் சங்கம், உணவு வங்கி, கூட்டுறவு விடுதின்னு வரிசையா இருக்கும். 2018 ஆகஸ்ட்ல எனக்குக் கொடுத்ததை நான் மேசை இழுப்பறையில போட்டு மூடினேன். "இதெல்லாம் ஏதோ பிரச்சினை இருக்கிறவங்களுக்கு"ன்னு ஒரு நினைப்பு.

முதல் மூணு வாரம் நான் அதிகமா பேசினது சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிற பில் போடுற மெஷின்கிட்ட. அது நன்றி சொல்லும், நானும் தலையாட்டுவேன். ராத்திரி அம்மா போன். அவங்களுக்கு அங்க காலை, இட்லி வேகுற நேரம். "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேன்மா." "பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களா?" "நிறைய பேர் இருக்காங்கமா. எல்லாம் நல்லாருக்கு." சாப்பிட்டது பிரெட்டும் ஜாமும். பேச்சுத்துணைக்கு யாரும் இல்ல.

இதை ஏன் சொல்றேன்னா, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கதை படிச்சேன். அதிலயும் ஒரு மாணவர், அதே மூணு வாரம். ஆனா அவர் "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லல.

1909. நியூயார்க். கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டு. ஹாரி எட்மண்ட்ஸ் என்கிற இளைஞர் அந்த வழியாகப் போகிறார். ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை. எதிரே ஒரு சீன மாணவர். போகிற போக்கில் எட்மண்ட்ஸ் "குட் மார்னிங்" என்கிறார். அந்த மாணவர் நின்றுவிட்டார். நியூயார்க் வந்து மூன்று வாரம் ஆகிறது, தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. "குட் மார்னிங்"னு ஒருத்தர் சொன்னா பதிலுக்கு "குட் மார்னிங்"னு சொல்லிட்டுப் போறதுதான் வழக்கம். அது ஒரு பிங் மாதிரி. சர்வர் உயிரோட இருக்கான்னு பார்ப்போம், இருக்குன்னு பதில் வரும், விட்டுடுவோம். அவர் பதிலுக்கு உண்மையைச் சொன்னார். எங்க தொழில் பாஷையில சொன்னா அது ஒரு அருமையான பக் ரிப்போர்ட். எந்த இடம், எத்தனை நாளா, என்ன நடக்கல... எல்லாம் ஒரே வரியில இருக்கு.

எட்மண்ட்ஸ் அதை மறக்கவில்லை. அவரும் மனைவி ஃப்ளோரன்ஸும் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை விருந்தாக வளர்ந்தது, விருந்திலிருந்து காஸ்மோபாலிடன் கிளப் என்கிற மாணவர் சங்கம் வந்தது. அப்புறம் அவர்களுக்குப் புரிந்தது: வாரம் ஒரு வேளை சோறு போட்டால் போதாது. மற்ற ஆறு நாளும் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வெளிநாட்டு மாணவர்களும் அமெரிக்க மாணவர்களும் சேர்ந்து தங்க ஒரு வீடு வேண்டும். ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுத்தார். 1924இல் நியூயார்க் ரிவர்சைட் டிரைவில் முதல் இன்டர்நேஷனல் ஹவுஸ் திறந்தது.

இந்த 1924ங்கிற வருஷத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. அதே வருஷம்தான் அமெரிக்கா புதுக் குடியேற்றச் சட்டம் போட்டு ஆசியர்கள் குடியேறுவதற்கான கதவை ஏறக்குறைய முழுசா சாத்தியது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1923ல, பகத் சிங் திந்த் வழக்கு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியான "வெள்ளையர்" அல்ல என்று உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நாடு "வராதே"ங்குது, படிக்கட்டுல நின்ன ஒருத்தர் "உள்ள வா"ங்குறார். ரெண்டும் ஒரே காலம்.

மாணவர்களுக்கு மட்டும் அந்தக் கதவில் ஒரு சின்ன இடைவெளி எப்படி மிஞ்சியது? அதற்கும் ஆள் இருந்தார்கள். 1919இல் நியூயார்க்கில் தொடங்கிய சர்வதேசக் கல்வி நிறுவனம், 1921இல் நாட்டுவாரிக் கோட்டா வந்தபோது மாணவர்களை அதில் சேர்க்கக் கூடாது என்று வாதாடி வென்றது. இன்னைக்கு நாம வரிசையில நின்னு வாங்குற மாணவர் விசாவோட வேர் அங்க இருக்கு.

இப்போ பெர்க்லிக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

நியூயார்க்குக்கு அப்புறம் எட்மண்ட்ஸ் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்தார். ஆசியாவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் இறங்குகிற பக்கம் அது. அங்கே வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாடு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய பீட்மான்ட் அவென்யூவில் வரிசையாக மாணவர் சங்க மாளிகைகள். அவை வெளிநாட்டவரையும் வெள்ளையரல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளாதவை. எட்மண்ட்ஸ் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் பார்த்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்தத் தெருவையேதான் தேர்ந்தெடுத்தார்.

ஊர் கொதித்தது. எதிர்ப்புத் தெரிவிக்க 800 பேருக்கு மேல் கூடினார்கள். பெரும்பாலும் சொத்து உரிமையாளர்கள். கறுப்பர்களும் ஆசியர்களும் வந்து நிறைந்துவிடுவார்கள், இடத்தின் மதிப்பு போய்விடும் என்கிற பயம். ஆண்களும் பெண்களும் ஒரே கூரையின் கீழ் தங்குவார்களா என்கிற முணுமுணுப்பு வேறு. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர் ஒரு கறுப்பினப் பெண். டெலைலா பீஸ்லி, ஓக்லண்ட் டிரிப்யூன் பத்திரிகையில் எழுதியவர். கலிஃபோர்னியக் கறுப்பின மக்களின் வரலாற்றை 1919இலேயே புத்தகமாக வெளியிட்டவர். 800 பேர் முறைச்சுப் பார்க்குற அரங்குல அவங்களுக்கு எதிரா எழுந்து பேசுறதுன்னா சும்மாவா?

ராக்ஃபெல்லர் 18 லட்சம் டாலர் கொடுத்தார். 1930 ஆகஸ்ட் 18 அன்று, குவிமாடம் வைத்த அந்தக் கட்டடம் அதே பீட்மான்ட் அவென்யூவில் திறந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தில் பெரிய பொருளாதார அறிஞராகி, இந்தியாவுக்கு அமெரிக்கத் தூதராகவும் வந்த ஜான் கென்னத் கால்பிரெய்த் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர்.

"ஸ்டாண்டர்ட் ஆயில் காசுல கட்டினதுதானே, இதுல என்ன பெருமை?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அந்த எண்ணெய் கம்பெனியை ஏகபோகம் என்று சொல்லி 1911இல் உச்ச நீதிமன்றமே உடைத்தது. ஆனா பணக்காரர் கை கொடுத்தாதான் இதெல்லாம் நடக்கும்னும் நினைக்காதீங்க. அதே பெர்க்லியிலேயே மறுப்பு இருக்கு.

இன்டர்நேஷனல் ஹவுஸ் திறப்பதற்கு 18 வருஷம் முன்னால், 1912. ஜவாலா சிங் என்று ஒரு பஞ்சாபி விவசாயி. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம் குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டு முன்னுக்கு வந்தவர். ஊரில் அவரை உருளைக்கிழங்கு ராஜா என்பார்கள். பெர்க்லியில் இந்திய மாணவர்கள் படிக்க அவர் குரு கோவிந்த் சிங் பெயரில் உதவித்தொகை வைத்தார். சீக்கியர்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை. அதில் வந்த கோவிந்த் பிஹாரி லால் பிற்பாடு அறிவியல் பத்திரிகையாளராகி, 1937இல் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உதவித்தொகை கொடுத்த ஜவாலா சிங்கோ கதர் இயக்கத்தில் சேர்ந்து, 1914இல் இந்தியா திரும்பி, கைதாகி, நீண்ட காலம் சிறையில் கிடந்தார். சேற்றுல இறங்கி உருளைக்கிழங்கு தோண்டின கை கொடுத்த காசு அது.

இப்போ அந்தக் கையேட்டை இழுப்பறையிலிருந்து வெளிய எடுங்க. ஒவ்வொரு பக்கமா புரட்டுவோம்.

"கூட்டுறவு விடுதி"ன்னு ஒரு பக்கம் இருக்கா? 1933, பொருளாதாரப் பெருமந்தம். பெர்க்லியில் வாடகை கொடுக்க முடியாத 14 மாணவர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள். சமையலும் துப்புரவும் முறை போட்டு அவர்களே செய்தால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது.

"வெளிநாட்டு மாணவர் ஆலோசகர்"? அந்த வேலையைச் செய்கிறவர்கள் சேர்ந்து 1948இல் தங்களுக்கென்று ஒரு தேசிய சங்கம் அமைத்தார்கள். போருக்குப் பிறகு மாணவர் வரத்து கூடியபோது, அது ஒரு தனித் தொழிலாக நிலைபெற்றது அப்படித்தான்.

"உதவி ஆசிரியர் ஒப்பந்தம்"? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே படித்த மாணவர்கள் 1966இல் சங்கம் தொடங்கினார்கள், 1970இல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் வாங்கினார்கள். 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ஏறத்தாழ 48,000 பேர் வேலையை நிறுத்தினார்களே, அதன் மூதாதை இதுதான். உங்க மாசச் சம்பளச் சீட்டுல யாரோ மறியல் வரிசையில நின்ன வெயிலும் பனியும் இருக்கு.

"உணவு வங்கி"? மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1993இல் மாணவர்களே தொடங்கினார்கள். படிக்கிற பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களா என்று பலர் நம்பாத காலம். நான் பிரெட்-ஜாம்ல ஓட்டின மூணு வாரமும் எங்க வளாகத்துல அப்படி ஒரு உணவு வங்கி இருந்திருக்கு. கையேட்டுல முகவரியே போட்டிருந்தாங்க. என் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை.

இந்தப் பக்கங்கள் பலவற்றுக்கும் பின்னாடி, ஏதோ ஒரு நாள் யாரோ ஒருத்தர் "எனக்கு இது முடியல"ன்னு வாயைத் திறந்து சொன்னது இருக்கு. வாடகை கட்ட முடியல. சம்பளம் பத்தல. சாப்பாடு இல்ல. யாரும் பேசல. மறைச்சு வெச்சிருந்தா அந்தப் பக்கம் அச்சாகியே இருக்காது. நம்ம வீடுகள்ல என்ன சொல்லி வளர்த்திருக்காங்க? கஷ்டத்தை வெளிய சொல்லாதே, நாலு பேர் என்ன நினைப்பாங்க. கடன் வாங்கி அனுப்பின அப்பா, அம்மாகிட்ட அழக்கூடாதுன்னு நமக்கே ஒரு வைராக்கியம். அதை நான் குறை சொல்லல. ஆனா அந்த வைராக்கியத்துல நானும் மூணு வாரம் சும்மா இருந்தேன். எந்த அலுவலகமும் அதுக்காக எனக்குப் பதக்கம் கொடுக்கல.

நாலாவது வாரம் துறையோட சின்னச் சமையலறையில, பிஎச்.டி. கடைசி வருஷம் படிச்ச ஒருத்தர் டீ போட்டுக்கிட்டிருந்தார். வேற நாட்டுக்காரர். "செட்டில் ஆயிட்டியா?"ன்னு கேட்டார். வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னவோ, அன்னைக்கு "இல்ல"ன்னு வந்துடுச்சு. அவர் ஒண்ணும் பெரிசா பேசல. இன்னொரு கோப்பை எடுத்தார், இன்னொரு டீ பை போட்டார். "புதன்கிழமை சாயங்காலம் மாணவர் சங்கத்துல சாப்பாடு போடுவாங்க, வா"ன்னார். போனேன். அப்புறம் ரெண்டு வருஷம் ஏறக்குறைய எல்லாப் புதன்கிழமையும் போனேன். கடைசி வருஷம் தட்டு அடுக்கி வைக்குற பொறுப்பு எனக்குத்தான்.

இந்த வரலாற்றுல எட்மண்ட்ஸ் பேர் இருக்கு, ராக்ஃபெல்லர் பேர் இருக்கு, பீஸ்லி பேரையும் இப்போ சொல்றாங்க. அந்தப் படிக்கட்டு மாணவர் மட்டும் பெரும்பாலும் "ஒரு சீன மாணவர்"னுதான் வர்றார். எனக்கென்னவோ முதல் செங்கல் அவரோடதுன்னு தோணுது.

ஆக, குக்கர் லிஸ்ட்டோட இன்னும் மூணு விஷயம் சேர்த்துக்கோங்க. ஒண்ணு, கையேட்டை முதல் வாரமே படிங்க. தேவை வந்த அப்புறம் தேடினா தெம்பு இருக்காது. ரெண்டு, இலவசமா சாப்பாடோ காபியோ போடுற ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிச்சு ஒரு மாசம் விடாம போங்க. மூணு, நிஜமான அக்கறையோட யாராவது கேட்டா உண்மையைச் சொல்லுங்க. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னு அவசியமில்ல. யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க.

ஏற்கெனவே அங்க இருக்கிற சீனியர்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஆகஸ்ட் வருது. படிக்கட்டுல யாராவது தனியா நின்னா, ஒரு குட் மார்னிங். பதிலுக்குக் கொஞ்சம் நின்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். சாப்பிடுங்க. நிஜமாவே சாப்பிடுங்க.