ஒரு சிரிப்புப் பத்திரிகை

போன மாதம் ஒரு சிநேகிதர் என்னைக் கோபித்துக்கொண்டார். "உம்முடைய நாவலை ஹாஸ்யத் துணுக்குகளுக்கு நடுவே ஏனையா கொண்டுபோய்ப் போடுகிறீர்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போது நினைவுக்கு வந்தது 'லா வீ பாரிஸியேன்'.

'பாரிஸ் வாழ்க்கை' என்று பொருள். 1863-இல் மார்ஸலின் என்ற கேலிச் சித்திரக்காரர் ஆரம்பித்த பத்திரிகை. பெரிய மனிதர் வீட்டு விருந்து, நாடகக் கொட்டகை, புது மோஸ்தர் உடை, கொஞ்சம் காதல், நிறையக் கிண்டல், இவ்வளவுதான் சரக்கு.

ஆனால் எழுதியவர்களைப் பாருங்கள். தத்துவமும் சரித்திரமும் எழுதிய டேன், ஒரு கற்பனை வியாபாரியின் பெயரால் அதில் பாரிஸைப் பரிகசித்தார். 1867-இல் அது புத்தகமாயிற்று. குஸ்தாவ் திரோஸ் எழுதிய தம்பதிகளின் வீட்டுக் கதைகள் அதற்கு முந்திய ஆண்டே நூலாகிவிட்டன.

இருபதாம் நூற்றாண்டில் படங்களில் துணி குறைந்தது. வாசகர் கூட்டம் மட்டும் குறையவில்லை. முதல் மகாயுத்தத்தில் கிர்ஷ்னர் வரைந்த பெண்கள் பதுங்குகுழிச் சுவர்களில் தொங்கினார்கள். நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ என்றிருந்த சிப்பாய்க்கு அது வெறும் விரசமாக மட்டும் இருந்திருக்குமா?

அந்தப் படங்களுக்கிடையேதான் 1910-இல் கொலெத்தின் 'லா வகபோந்த்' தொடர்கதையாக வந்தது. விவாகத்தை முறித்துக்கொண்டு, மேடையேறிப் பிழைக்கும் ஒரு பெண், காதலா சுதந்திரமா என்று தத்தளித்துச் சுதந்திரத்தைத் தேர்ந்துகொள்ளும் கதை. பத்திரிகையின் பெயர் 1970-உடன் மறைந்தது. அந்தப் பெண் மறையவில்லை.

சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். "நீர் கொலெத்தோ?" என்றார். இல்லைதான். ஆனால் குறை என் எழுத்தில் இருக்கலாம். பக்கத்தில் அச்சாகும் சிரிப்பில் இல்லை.